மருத்துவரின் மகன்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் ஷ்ரூஸ்பரி என்னும் சிறு நகரம் உள்ளது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்நகரில் மருத்துவர் ராபர்ட் டார்வினை அறியாதவர் இல்லை. அவர் ஆறடிக்கு மேல் உயரமானவர். எடை 150 கிலோகிராமைத் தாண்டியது. நோயாளிகள் தம்மிடம் மனம்விட்டுப் பேசும்படி செய்வதில் வல்லவர். அவருடைய தந்தை எராஸ்மஸ் டார்வினும் புகழ்பெற்ற மருத்துவரே. இத்தகைய குடும்பத்தில், 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், ஆறு பிள்ளைகளுள் ஐந்தாவதாகப் பிறந்தவர் சார்லஸ் டார்வின். பாட்டனார் மருத்துவர், தந்தை மருத்துவர். ஆகவே பேரனும் மருத்துவராக வேண்டும் என்பது அவர் பிறக்கும் முன்பே முடிவான ஒன்று போல இருந்தது.

சார்லசுக்கு எட்டு வயதானபோது தாயார் சூசன்னா காலமானார். அதன்பின் அக்காமார்களே அவரை வளர்த்தனர். ஒன்பதாம் வயதில் உள்ளூரிலேயே இருந்த விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர்தான். மாலையில் வீட்டுக்கு ஓடிப் போவார். இரவு விடுதிக் கதவைப் பூட்டுவதற்குள் மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வருவார். இலத்தீன், கிரேக்கம் ஆகிய பழைய மொழிகளே அப்பள்ளியின் முக்கியப் பாடங்கள். செய்யுள்களை மனனம் செய்து ஒப்புவிப்பார். இரண்டு நாள்களில் அவற்றை மறந்தும் விடுவார். அவருடைய ஆர்வமெல்லாம் வேறு இடங்களில் இருந்தது. கூழாங்கற்கள், கிளிஞ்சல்கள், பூச்சிகள் எனக் கண்ணில் பட்டதையெல்லாம் சேகரித்தார். அண்ணன் எராஸ்மசுடன் சேர்ந்து தோட்டத்துக் கொட்டகையில் வேதியியல் சோதனைகள் செய்தார். இதைக் கேள்விப்பட்ட பள்ளி நண்பர்கள் அவருக்கு வாயு என்று பட்டப்பெயர் சூட்டினர். பயனற்ற காரியங்களில் காலத்தை வீணாக்குவதாகத் தலைமையாசிரியரும் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார்.

பதின்ம வயதில் துப்பாக்கியுடன் பறவை வேட்டைக்குப் போகும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் தந்தை பொறுமை இழந்தார். வேட்டை, நாய்கள், எலி பிடிப்பது ஆகியவற்றைத் தவிர வேறு எதிலும் அக்கறை இல்லாத இவனால் குடும்பத்துக்கே அவமானம் நேரப்போகிறது என்று கடுமையாகச் சொல்லிவிட்டார். அந்தச் சொற்கள் சார்லசின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டன. முதுமையில் தம் வரலாற்றை எழுதியபோதும் அவர் அவற்றை மறக்கவில்லை. ஆனால், தந்தையைக் குறை கூறவும் இல்லை. தாம் அறிந்த மனிதர்களிலேயே மிகவும் அன்பானவர் தந்தைதான் என்றும், அன்று கோபத்தில் சற்று அதிகமாகப் பேசிவிட்டார் என்றுமே எழுதினார்.

பள்ளியில் தொடர்ந்தால் பயனில்லை என்று கருதிய தந்தை, 1825ஆம் ஆண்டு, பதினாறு வயதிலேயே சார்லசைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். அந்தக் கோடையில் தம் நோயாளிகள் சிலரைக் கவனிக்கும் பொறுப்பை மகனிடம் கொடுத்தார். ஷ்ரூஸ்பரியின் ஏழைப் பெண்களும் குழந்தைகளும் சார்லசிடம் வந்தனர். அவர்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டு, எழுதிக்கொண்டு வந்து, மாலையில் தந்தைக்கு வாசித்துக் காட்டுவார். என்ன மருந்து கொடுக்கலாம் என்று தந்தை சொல்வார். மருந்தைச் சார்லசே கலந்து கொடுப்பார். ஒரு சமயத்தில் பன்னிரண்டு பேர் வரை அவருடைய பொறுப்பில் இருந்தனர். இந்த வேலை சார்லசுக்குப் பிடித்திருந்தது. மகன் நல்ல மருத்துவனாக வருவான் என்று தந்தையும் நம்பினார். அந்த நம்பிக்கையில் தவறேதும் இல்லை. கண்ணுக்கு முன்னால் தெரிந்ததை வைத்துத்தான் எந்தத் தந்தையும் முடிவு செய்ய முடியும்.

அவ்வாண்டு அக்டோபரில் சார்லஸ் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சென்றார். அண்ணனும் அங்கே உடனிருந்தார். குளிர்கால விடியலில், எட்டு மணிக்கே தொடங்கும் மருந்தியல் விரிவுரைகள் அவருக்குச் சலிப்பூட்டின. உடற்கூறு வகுப்பு அருவருப்பைத் தந்தது. பிறகு, மருத்துவமனையின் அறுவைக் கூடத்துக்கு இரண்டு முறை சென்றார். அன்றைக்கு மயக்க மருந்து கிடையாது. குளோரோஃபாம் பயன்பாட்டுக்கு வந்தது 1847இல்தான். நோயாளியைப் பலர் பிடித்துக்கொள்ள, நினைவு இருக்கும்போதே அறுவை செய்வார்கள். அவர் கண்ட இரண்டில் ஒன்று ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டது. முடியும் வரை அவரால் அங்கு நிற்க முடியவில்லை, வெளியே ஓடிவிட்டார். அதன்பின் அந்தக் கூடத்துக்குள் அவர் கால் வைக்கவே இல்லை. அந்தக் காட்சி பல ஆண்டுகள் அவரைத் துரத்தியது.

இதில் வியப்பான ஒரு செய்தி உண்டு. ராபர்ட் டார்வினும் இளமையில் இதே நிலையில்தான் இருந்தார். இரத்தத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தொடக்கத்தில் மருத்துவத் தொழிலை அவர் வெறுத்தார். பிழைக்க வேறு சிறு வருமானம் இருந்திருந்தாலும் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். ஆனால், தம் தந்தை காட்டிய வழியைத் தவிர வேறு வழி அவருக்கு விடப்படவில்லை. வெறுப்பை விழுங்கிக்கொண்டு தொழிலில் நிலைத்து, பெயரும் செல்வமும் பெற்றவர் அவர். தாம் பொறுத்துக்கொண்டதை மகனும் பொறுத்துக்கொள்வான் என அவர் எதிர்பார்த்தது இயல்பே.

எடின்பரோவில் சார்லஸ் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. தென் அமெரிக்காவின் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன் என்பவர் அந்நகரில் வாழ்ந்தார். இறந்த பறவைகளின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே பஞ்சடைத்து, உயிருள்ளவை போல வைப்பதில் அவர் தேர்ந்தவர். சார்லஸ் அவரிடம் இரண்டு மாதங்கள், நாளுக்கு ஒரு மணி நேரம், கட்டணம் செலுத்தி அக்கலையைக் கற்றார். கடற்கரைப் பாறைகளுக்கிடையே அலைந்து சிற்றுயிர்களைத் தேடினார். 1827ஆம் ஆண்டு மார்ச் மாதம், தாம் கண்டுபிடித்த சில உண்மைகளை மாணவர் கழகம் ஒன்றில் வாசித்தார். ஆனால், இவற்றில் ஒன்றுகூட மருத்துவப் பட்டத்துக்கு உதவாது. மேலும், தந்தை தமக்குப் போதுமான சொத்தை விட்டுச் செல்வார் என்பது இதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தைரியத்தில்தான் மருத்துவப் படிப்பில் முயற்சி குறைந்தது என்பதை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

மருத்துவராக விருப்பமில்லை என்பதைத் தந்தையிடம் நேரில் சொல்லச் சார்லசுக்குத் துணிவு வரவில்லை. செய்தி அக்காமார் வழியாகவே தந்தையின் காதுக்குப் போனது. மகன் சொத்தை நம்பிச் சோம்பித் திரியும் வேட்டைப் பிரியனாகிவிடக் கூடாது என்பதே தந்தையின் பெரிய கவலை. எனவே, அவர் இன்னொரு வழியைச் சொன்னார். சார்லஸ் தேவாலயப் பாதிரியாராகலாம். அக்காலத்தில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது மதிப்பான தொழில். நிலையான வருமானம் உண்டு. நாட்டுப்புற ஊர் ஒன்றில் வீடும் ஓய்வு நேரமும் கிடைக்கும். சார்லஸ் யோசிக்கச் சிறிது அவகாசம் கேட்டார். சமய நூல்கள் சிலவற்றைப் படித்துப் பார்த்த பின்னர் உடன்பட்டார். ஓய்வு நேரத்தில் பூச்சி பிடிக்கலாம் என்ற எண்ணமும் அவருக்கு இருந்திருக்கும்.

பாதிரியாராக முதலில் பட்டம் பெற வேண்டும். ஆனால், பள்ளியில் ஏழாண்டு படித்த கிரேக்கம் முழுவதும் மறந்து போயிருந்தது. சில எழுத்துகள்கூட நினைவில் இல்லை. வீட்டில் தனியாசிரியர் வைத்து அதை மீண்டும் படித்துவிட்டு, 1828ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது வண்டு சேகரிக்கும் பித்து. ஒரு நாள் பட்ட மரத்தின் பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டு தென்பட்டன. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். அந்நேரம் பார்த்து மூன்றாவதாகப் புதுவகை வண்டு ஒன்று ஓடியது. அதை விட மனமில்லை. வலக்கையில் இருந்ததைச் சட்டென வாய்க்குள் போட்டுக்கொண்டார். அது நாக்கு எரியும்படி ஒரு நீரைப் பீய்ச்சியது. துப்பிய வேகத்தில் அந்த வண்டும் போயிற்று. மூன்றாவது வண்டும் தப்பிவிட்டது. பின்னர், அவர் பிடித்த பூச்சிகளைப் பற்றிய குறிப்பு அவருடைய பெயருடன் ஒரு நூலில் அச்சாகியது. அதில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கேம்பிரிட்ஜில் கிடைத்த பெரும் பேறு பேராசிரியர் ஜான் ஹென்ஸ்லோவின் நட்பு. தாவரவியல் பேராசிரியரான அவர், மாணவர்களை வயல்வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் சென்று கற்பித்தார். சார்லஸ் பெரும்பாலான நாள்களில் அவருடன் நடந்ததால், ஹென்ஸ்லோவுடன் நடப்பவர் என்றே மற்றப் பேராசிரியர்கள் அவரை அடையாளம் கூறினர். மகனுக்கு எதிலும் அக்கறை இல்லை என்று தந்தை நினைத்திருந்தார். அந்த அக்கறைக்கு ஒரு பெயரும் துறையும் உண்டு என்பதைக் காட்டியவர் ஹென்ஸ்லோ. 1831ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த தேர்வில், சாதாரணப் பட்டத்துக்குரிய 178 மாணவர்களுள் சார்லஸ் பத்தாவதாகத் தேறினார்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அவர் பேராசிரியர் செட்ஜ்விக்குடன் வேல்ஸ் மலைப்பகுதியில் பாறைகளை ஆராயச் சென்றார். 29ஆம் நாள் வீடு திரும்பியபோது ஹென்ஸ்லோவிடமிருந்து ஒரு கடிதம் காத்திருந்தது. பீகிள் என்னும் கடற்படைக் கப்பல் தென் அமெரிக்கக் கடற்கரையை அளந்து வரைபடம் தயாரிக்கவும் உலகைச் சுற்றி வரவும் புறப்படப்போகிறது. அதன் தலைவர் ஃபிட்ஸ்ராய்க்கு வயது 26; நீண்ட பயணத்தில் பேச்சுத் துணையாக, இயற்கையை ஆராயும் ஆர்வமுள்ள ஒருவரை அவர் தேடுகிறார். சம்பளம் கிடையாது. இதற்குச் சார்லசே பொருத்தமானவர் என ஹென்ஸ்லோ பரிந்துரைத்திருந்தார்.

சார்லஸ் துள்ளிக் குதித்தார். தந்தையோ மறுத்துவிட்டார். அவருடைய மறுப்புகள் எட்டு. பாதிரியாராகப் போகிறவருக்கு இது மதிப்பைக் கெடுக்கும், திட்டமே அறிவற்றது, வேறு பலரும் மறுத்த பிறகே இந்த இடம் இவரிடம் வந்திருக்க வேண்டும், அப்படியானால் கப்பலிலோ பயணத்திலோ ஏதோ குறை இருக்கும், கப்பலில் வசதி இராது, திரும்பி வந்தபின் ஓரிடத்தில் நிலைத்து வாழ மனம் வராது, மருத்துவத்தை விட்டவர் இப்போது மறுபடியும் தொழில் மாறுகிறார், எல்லாவற்றுக்கும் மேலாக, இதனால் பயன் ஒன்றும் இல்லை. கோபத்தில் சொன்ன சொற்கள் அல்ல இவை. ஒவ்வொன்றும் யோசித்துச் சொன்னது. அந்த இடம் முன்பே வேறொருவருக்கு அளிக்கப்பட்டு அவர் மறுத்திருந்ததும் உண்மையே.

ஆனாலும், தந்தை கதவை முழுவதும் அடைத்துவிடவில்லை. நல்லறிவுள்ள ஒரே ஒரு மனிதராவது போகச் சொன்னால் தாமும் சம்மதிப்பதாகக் கூறினார். சார்லஸ் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாளே தம்மால் வர இயலாது என்று ஹென்ஸ்லோவுக்கு எழுதிவிட்டார். தந்தையின் பணமும் வேண்டும், அதைவிட அவருடைய மனநிறைவும் வேண்டும் என்பதே காரணம். பிறகு, கௌதாரி வேட்டைக்காக மேர் என்னும் ஊரில் இருந்த தாய்மாமன் வீட்டுக்குப் போனார்.

தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் புகழ்பெற்ற பீங்கான் தொழிற்சாலையின் உரிமையாளர்; அதிகம் பேசாதவர். ராபர்ட் டார்வின் பெரிதும் மதித்தவர்களுள் ஒருவர். அவர் செய்தியைக் கேட்டார்; போகத்தான் வேண்டும் என்றார். அன்றிரவு சார்லஸ் எட்டு மறுப்புகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுக்க, மாமன் ஒவ்வொன்றுக்கும் விடை எழுதினார். இயற்கையை ஆராய்வது பாதிரியாருக்கு இழுக்கன்று. கடற்படை தன் கப்பலைக் குறையுடன் அனுப்பாது. சார்லஸ் இப்போது தொழிற்படிப்பில் மூழ்கியிருந்தால் அதைக் குலைப்பது தவறு, ஆனால் நிலை அதுவன்று என்று பொறுமையாக விளக்கினார். சார்லசும் தந்தைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினார். வேண்டாம் என்று தந்தை முடிவாகச் சொன்னால் இப்பேச்சை மீண்டும் எடுப்பதில்லை என்று அதில் உறுதி கூறினார்.

கடிதங்கள் செப்டம்பர் 1ஆம் நாள் காலை அனுப்பப்பட்டன. சார்லஸ் துப்பாக்கியுடன் வயலுக்குப் போய்விட்டார். மாமனுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. கடிதம் மட்டும் போதாது என்று எண்ணி, மருமகனை அழைத்துவரச் செய்து, இருவருமாக வண்டியேறி ஷ்ரூஸ்பரிக்கு வந்தனர். அங்கே வாதம் செய்ய வேண்டிய தேவையே ஏற்படவில்லை. கடிதங்களைப் படித்திருந்த தந்தை மனம் மாறியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றி முழுமனத்துடன் சம்மதித்தார். கேம்பிரிட்ஜில் அளவுக்கு மீறிச் செலவு செய்திருந்த சார்லஸ், கப்பலில் இருந்துகொண்டு கொடுத்த பணத்துக்கு மேல் செலவழிப்பதற்கு மிகுந்த கெட்டிக்காரத்தனம் வேண்டும் என்று வேடிக்கையாகச் சொன்னார். மகன் கெட்டிக்காரன் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள் என்று தந்தை சிரித்துக்கொண்டே விடையளித்தார். பயணச் செலவு முழுவதும் அவர் கொடுத்ததுதான்.

இன்னொரு தடையும் இருந்தது. முக அமைப்பைக் கொண்டு குணத்தைக் கூறலாம் என்று நம்பிய ஃபிட்ஸ்ராய்க்குச் சார்லசின் மூக்கு பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட மூக்குடையவருக்கு மனவுறுதி இருக்குமா என்று ஐயுற்றார். நல்ல வேளை, பழகிய பின் அந்த ஐயம் நீங்கியது. புறப்படக் காத்திருந்த வாரங்களில் சார்லசுக்கு நெஞ்சு படபடத்தது. இதய நோயோ என்று அஞ்சினார். மருத்துவரிடம் காட்டினால் போகக் கூடாது என்று சொல்லிவிடுவாரே என்று ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்தார். மருத்துவம் படிக்க அனுப்பப்பட்டவர் செய்யக்கூடிய காரியமா இது!

1831ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பீகிள் புறப்பட்டது. ஏறத்தாழ 27 மீட்டர் நீளமே உள்ள சிறிய கப்பல் அது. கடல்நோய் சார்லசைக் கடைசி நாள் வரை விடவில்லை. வசதி இராது என்று தந்தை சொன்னது சரியாகவே போயிற்று. ஆனால், கரை இறங்கிய இடங்களில் எல்லாம் அவர் வேறு மனிதர். புதைபடிவங்களைத் தோண்டினார், ஆண்டிஸ் மலையில் ஏறினார், கலாபகோஸ் தீவுகளில் பறவைகளைச் சேகரித்தார். எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக ஹென்ஸ்லோவுக்கு அனுப்பினார். எடின்பரோவில் பறவைகளைப் பதப்படுத்தக் கற்றது இப்போது கைகொடுத்தது. அவருடைய கடிதங்களின் பகுதிகளை ஹென்ஸ்லோ அறிஞர்களிடையே பரப்பினார். செட்ஜ்விக் ஷ்ரூஸ்பரிக்கே சென்று, சார்லஸ் முன்னணி அறிவியலாளர்களுள் ஒருவராக வருவார் என்று தந்தையிடம் கூறினார். அக்காமார் எழுதிய கடிதத்தில் இச்செய்தியைப் படித்த சார்லஸ், அட்லாண்டிக் கடலின் நடுவே இருந்த ஒரு தீவின் பாறைகள்மேல் தாவித் தாவி ஏறினாராம்.

கப்பல் 1836ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இங்கிலாந்தை அடைந்தது. இரண்டாண்டு எனத் திட்டமிட்ட பயணம் ஏறத்தாழ ஐந்தாண்டு நீடித்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்த மகனை ஏற இறங்கப் பார்த்த தந்தை, பெண்கள் பக்கம் திரும்பி, இவனுடைய தலையின் வடிவமே மாறிவிட்டதே என்றார். பாதிரியாராகும் திட்டத்தை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. கைவிடுவதாக யாரும் அறிவிக்கவும் இல்லை. அது தானாக மறைந்துவிட்டது. மகன் ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைச் செலவிடத் தந்தை பொருளுதவி செய்தார். 1839இல் சார்லஸ், தமக்காகப் பரிந்து பேசிய தாய்மாமனின் மகள் எம்மாவையே மணந்தார்.

உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது 1859ஆம் ஆண்டு நவம்பரில். அதைக் காணத் தந்தை உயிருடன் இல்லை, 1848இலேயே காலமாகிவிட்டார். அந்நூலை விரைந்து எழுதி முடிக்கத் தூண்டியது நம் பகுதியிலிருந்து சென்ற கடிதம் ஒன்றாகும். சிங்கப்பூரின் புக்கிட் தீமாவிலும் சரவாக்கிலும் வண்டுகளைச் சேகரித்துத் திரிந்த ஆல்ஃபிரட் வாலஸ், டார்வினின் கருத்தையொத்த கருத்துக்குத் தனியாகவே வந்து சேர்ந்து, 1858இல் அதை மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து அவருக்கு எழுதி அனுப்பினார். வாலஸ் குடும்ப வறுமையால் பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டவர். என்ன தொழில் என்று எட்டுக் காரணங்கள் காட்டி விவாதிக்கும் வசதி அவருக்கு இருந்ததில்லை.

டார்வினுக்கு வளர்ந்த மகன்கள் ஐவர். 1852இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்த ஐந்து பையன்களுக்கும் என்ன தொழில் அமையப்போகிறதோ என்று அவர் புலம்பினார். இலத்தீனையும் கிரேக்கத்தையுமே புகட்டும் பள்ளிகளை வெறுத்த அவர், வேறு எங்கு அனுப்புவது என்று தெரியாமல், மூத்த மகனை அத்தகைய ஒரு பள்ளியிலேயே சேர்த்திருந்தார்.